கட்டிலில் இருப்பவருக்கான போன், டேப்லெட் ஸ்டாண்டுகள்: எது யாருக்குச் சரிவரும்?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். மார்பின்மேல் வைத்திருந்த போன் சரிந்து தரையில் விழுகிறது. அடுத்த நொடியே கை தானாக நீளும், உடம்பு குனியும். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று பெரும்பாலும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையைத் தொடக் குனிந்தால் அந்த எல்லை தாண்டிவிடும். புது மூட்டு தன் கிண்ணத்தை விட்டு நழுவ அதுவே போதும். மார்பெலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவருக்கு வேறு கட்டுப்பாடு. எட்டி இழுப்பது, கனமானதைத் தூக்குவது, கையை ஊன்றி எழுவது எல்லாம் வழக்கமாக 6 முதல் 8 வாரங்களுக்குக் கூடாது.

இப்படி முடங்கியிருக்கும் வாரங்களில் மருத்துவரிடம் பேசுவதும், வேலை அஞ்சல்களைப் பார்ப்பதும், தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும் ஒரே ஒரு திரை வழியாகத்தான். வாங்கும்போது பலரும் திரையின் அளவைத்தான் பார்க்கிறார்கள். அதைப் பிடித்து நிறுத்தப்போவது எது என்ற யோசனை பிறகுதான் வருகிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் ஸ்டாண்டு, அதற்குப் பொருத்தமாகத் திரை.

ஸ்டாண்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை போதும். படுத்திருப்பவர் தலையைத் தலையணையில் முழுதாகச் சாய்த்துக் கண்ணை மூடட்டும். பிறகு கண்ணைத் திறந்தால் பார்வை தானாகப் போய் விழும் இடத்தில் திரையின் மேல் பாதி இருக்க வேண்டும். தலையணையிலிருந்து தலை சற்றே மேலெழுந்தாலும், தாடை கீழே இறங்கினாலும் நகர்த்த வேண்டியது ஸ்டாண்டைத்தான். டேப்லெட்டுக்குக் கண்ணிலிருந்து 40 முதல் 50 செ.மீ., போனுக்கு 30 முதல் 40 செ.மீ. நல்ல தூரம். கீழே சொல்லும் நான்கு வகை ஸ்டாண்டுகளையும் இந்தச் சோதனையை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். போன் மட்டும் போதும், சாய்ந்து உட்கார முடியும் என்பவருக்குத் தடித்த, குட்டையான கூஸ்நெக் (வளையும் தண்டுள்ள) ஸ்டாண்டு போதும். டேப்லெட் வேண்டும், புரண்டு படுக்கவும் வேண்டும் என்றால் சக்கரம் வைத்த தரை ஸ்டாண்டுதான். ஸ்பிரிங் கை, குறிப்பிட்ட சிலரின் தேவைக்கு. பஞ்சு ஸ்டாண்டை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

கூஸ்நெக்: மலிவு, ஆனால் ஆடும்

வாத்துக் கழுத்துபோல வளையும் தண்டு, ஒரு முனையில் கட்டிலைக் கவ்வும் கிளாம்ப், மறு முனையில் போனைப் பிடிக்கும் தாடை. எல்லா ஊரிலும் கிடைப்பது இதுதான், அதிகம் திட்டு வாங்குவதும் இதுதான். திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பொருளின் தரக்குறைவு அல்ல. தாங்காத எடையை அதில் மாட்டுவதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அங்குல டேப்லெட் ஒன்று சுமார் 480 கிராம். பிடிக்கும் தாடையும் உறையும் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 630. அது கிளாம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளித் தொங்கும்போது, தண்டின் அடியில் விழும் சுமை, 10 செ.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 3.8 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். 200 கிராம் போனுக்கு, தாடையோடு சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கு 1.8 கிலோவில் நின்றுவிடும். பெட்டியின்மேல் ‘12.9 அங்குலம் வரை’ என்று போட்டிருப்பது தாடை எவ்வளவு அகலம் விரியும் என்பதற்கு மட்டுமே. தண்டு எவ்வளவு எடை தாங்கும் என்பது தனியாகக் கிராமில் போட்டிருக்க வேண்டும். போடாத பொருளை டேப்லெட்டுக்கு வாங்காதீர்கள்.

தண்டைப் பக்கவாட்டில் நேராக நீட்டிவிட்டு முனையை மட்டும் மடக்குவது எல்லோரும் செய்யும் தவறு. கேள்விக்குறி வடிவத்தில் வளைக்க வேண்டும்: கிளாம்பிலிருந்து முதலில் மேலே எழுப்பி, பின்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, பிறகு பெரிய வளைவாக முன்னால் கொண்டுவர வேண்டும். அப்போது எடை கிளாம்பை ஒட்டியே இறங்கும், தொய்வு வெகுவாகக் குறையும். வளைப்பதற்கு இரண்டு கை வேண்டும், ஓரளவு வலுவும் வேண்டும். ஆகவே படுத்திருப்பவர் தானே சரிசெய்துகொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளாம்புக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் உள்ளே இருக்கும் உலோகம் அங்கேதான் அயர்ந்து முறியும்.

இரண்டாவது குறை ஆட்டம். திரையை ஒருமுறை தட்டினால் தண்டு இரண்டு மூன்று விநாடி ஆடும். ஆடும் எழுத்தைப் படித்தால் தலை சுற்றும். வீடியோ பார்க்க, பேச என்றால் இது ஒரு பொருட்டல்ல. தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் பெரிய தொல்லை. கட்டைவிரலைத் திரைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து ஆள்காட்டி விரலால் தட்டுவது ஓரளவு கைகொடுக்கும். திரையைத் தொடாமலே இயக்குவது அதைவிட நல்ல வழி, அதைப் பின்னால் சொல்கிறோம்.

இனி கிளாம்ப். கட்டிலின் தலைமாட்டுப் பலகை எத்தனை செ.மீ. தடிமன் என்று அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். மெத்தை வைத்துத் தைத்த தலைமாடு என்றால் கூஸ்நெக்கை மறந்துவிடுங்கள். இறுக்கிய சற்று நேரத்தில் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கிப் பிடி தளர்ந்துவிடும். இரும்புக் கட்டிலின் உருண்டைக் குழாயில் தட்டையான கிளாம்பை மாட்டினால் இரண்டு கோடுகளில் மட்டும்தான் தொடும், எடை ஏறியதும் சுழலும். அதற்கு உள்ளே முக்கோண வெட்டு உள்ள கிளாம்ப் வேண்டும். கையில் இருப்பதையே ஒப்பேற்ற வேண்டுமென்றால், குழாயைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் மாட்டி இறுக்குங்கள்.

மருத்துவமனைக் கட்டிலை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் பக்கத் தடுப்பில் மாட்டவே கூடாது. பார்த்துக்கொள்பவர் தடுப்பை இறக்கும்போது ஸ்டாண்டும் திரையும் சேர்ந்து இறங்கும். தலைமாட்டுச் சட்டத்தில் மாட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. தலைப்பக்கத்தை உயர்த்தும்போது நோயாளி எழுந்து முன்னால் வருகிறார், சட்டம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. படுத்திருந்தபோது சரியாக இருந்த திரை, எழுந்ததும் மூக்கில் இடிக்கும்.

சக்கர ஸ்டாண்டு: புரண்டு படுப்பவரோடு சேர்ந்து புரளும்

தானாகப் புரள முடியாதவர்களைப் படுக்கைப்புண் வராமலிருக்க வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம் என்று திருப்பிப் படுக்க வைப்பார்கள். கட்டிலின் இடப்பக்கம் கிளாம்ப் போட்டு மாட்டிய ஸ்டாண்டு, அவர் வலப்பக்கம் திரும்பியதும் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. நாளில் பாதி நேரம் அது இருந்தும் இல்லாததுபோலத்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே, நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்குச் சக்கரம் வைத்த தரை ஸ்டாண்டைத்தான் பரிந்துரைப்போம். கட்டிலைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் நிறுத்த அரை நிமிடம்கூட ஆகாது.

வாங்குமுன் மூன்று அளவு எடுங்கள். ஒன்று, தரைக்கும் கட்டிலின் அடிச்சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. ஸ்டாண்டின் கால்கள் சக்கரத்தோடு சேர்த்து எவ்வளவு உயரமோ, அதைவிட இரண்டு விரற்கடையாவது கூடுதலாக இருக்க வேண்டும். அடியில் பெட்டி வைத்துத் தரைவரை மூடிய கட்டிலுக்கு இந்த வகை உதவாது. இரண்டு, மெத்தையின் விளிம்பிலிருந்து நோயாளியின் முகம் இருக்கும் இடம் வரை உள்ள தூரம். ஒற்றைக் கட்டிலின் நடுவில் படுத்திருந்தால் இது சுமார் 45 செ.மீ.; தூண் விளிம்பைத் தாண்டி நிற்பதால், கை 55 முதல் 60 செ.மீ. நீள வேண்டும். இரட்டைக் கட்டில் என்றால் நோயாளியை ஓரமாகப் படுக்க வைக்க நேரும். விழும் அபாயம் உள்ளவருக்கு அது சரிப்படாது. மூன்று, தலையணை உயரத்தையும் சேர்த்து, தரையிலிருந்து கண்மட்டம்.

அடித்தளத்தின் கால்கள் திரை நீளும் பக்கமே நீண்டிருக்க வேண்டும், அதாவது கட்டிலுக்கு அடியில். இதைக் கவனிக்காமல், கால்களை அறைப்பக்கமும் கையைக் கட்டில்பக்கமும் திருப்பி நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் அடித்தளம் உள்ள ஸ்டாண்டு இதைக்கூடத் தாங்கிக்கொள்ளும். இரண்டு கிலோகூட வராத மூன்றுகால் ஸ்டாண்டு அப்படித் தாங்காது. சார்ஜர் கேபிளை யாராவது காலால் இழுத்தாலே நோயாளியின்மேல் சாய்ந்துவிடும். கேமராவுக்கென்று செய்த மூன்றுகாலில் நீண்ட கையை மாட்டித் தலைக்குமேல் டேப்லெட்டைத் தொங்கவிடும் ஏற்பாட்டை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

சக்கரங்களில் குறைந்தது இரண்டுக்காவது பூட்டு வேண்டும். தூண் நீள்வதும் குறைவதும் திருகுப் பிடியில் நடக்கும் வகைகளில், எடை ஏறிச் சில நாட்களில் தூண் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழே இறங்கும். சரியான உயரத்தில் நிறுத்தியதும் தூணில் ஒரு வண்ண டேப்பைச் சுற்றிவிடுங்கள். இறங்கினால் பார்த்ததும் தெரியும். அறையைப் பெருக்க நகர்த்தியவரும் பழைய உயரத்துக்கே திரும்பக் கொண்டுவருவார். மூட்டுகளில் உள்ள திருகுகளை வாரம் ஒருமுறை இறுக்குங்கள். திரையின் எடையைக் கடைசியாகத் தாங்குவது தாடைக்குப் பின்னால் உள்ள குண்டு மூட்டுதான், முதலில் தளர்வதும் அதுதான்.

ஸ்பிரிங் கை, பஞ்சு ஸ்டாண்டு, படுக்கை மேசை

படிப்பு விளக்குபோல இரண்டு மடிப்புள்ள ஸ்பிரிங் கை, கூஸ்நெக்கைவிடப் பல மடங்கு திடமானது. ஒரு விரலால் தள்ளினால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். இதய அறுவை முடிந்தவர், தோள் அடிபட்டவர் போன்றோருக்கு இந்த இலகு பெரிய வரம். ஸ்பிரிங் ஒரு குறிப்பிட்ட எடை வரம்புக்குத்தான் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வரம்புக்குக் குறைவான போனை மாட்டினால் கை மேலே எழும்பும். அதிகமானால் மெல்லக் கீழே இறங்கும். இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இது சுவரிலோ கனமான மேசையிலோ மாட்ட வேண்டிய பொருள். கட்டில் பலகை மெல்லியதாக இருந்தால் பலகையே முனகும்.

பஞ்சு ஸ்டாண்டு என்பது முக்கோணத் தலையணை, மூன்று பக்கமும் மூன்று சாய்வு, அடியில் திரை நிற்க ஒரு விளிம்பு. திருகு கிடையாது, உடைய எதுவும் இல்லை, விழுந்தாலும் அடிபடாது. சாய்ந்து உட்காரக்கூடிய, கால் மட்டும் முடங்கிய ஒருவருக்கு வேறெதுவும் தேவைப்படாமலே போகலாம். வயிற்றில் தையல் உள்ளவர் மடியில் வைக்கக் கூடாது, தொடையின்மேல் முழங்கால் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். காலைத் தலையணைகளின்மேல் உயர்த்தி வைத்திருப்பவரின் தொடை சரிவாக இருக்கும், ஸ்டாண்டு வயிற்றை நோக்கி வழுக்கி வரும். அடியில் ரப்பர் பாய்த் துண்டு ஒன்றைப் போட்டால் நிற்கும். மடிக்கணினியை இதில் வைத்தால் காற்று போகும் துளைகளைப் பஞ்சு அடைத்துவிடும், சூடேறும்.

மடிக்கணினி வேண்டுமென்றால் சக்கர அடித்தளத்தோடு கட்டிலுக்குக் குறுக்கே வரும் படுக்கை மேசைதான் சரி. மேல்பலகை சாயும் வகையாகவும், சரியாமலிருக்க ஓரத்தில் விளிம்பு உள்ளதாகவும் இருக்கட்டும். சாப்பிடவும் மருந்து வைக்கவும் அதே மேசைதான் என்பதால் வேளாவேளைக்குக் கணினியை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். இதை முன்கூட்டி நினைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்க மல்லாந்தே கிடக்க வேண்டியவருக்கு, பார்வையை 90 டிகிரி திருப்பும் பட்டகக் கண்ணாடி என்று ஒன்று உண்டு. தலையை அசைக்காமல், வயிற்றுக்குமேல் நிற்கும் திரையைப் பார்க்கலாம். மூக்கில் கனக்கும், அதைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பினால் குமட்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

தாடையில் ஒளிந்திருக்கும் கோளாறு

ஸ்டாண்டில் வைத்த போன் தானாக அணைகிறது, ஒலி தானாகக் குறைகிறது, திடீரென்று அவசர அழைப்புத் திரை வருகிறது. போன் கெட்டுவிட்டது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். காரணம் தாடை. அது போனின் இரு பக்கங்களையும் நடுவில் கவ்வுகிறது. பவர் பொத்தானும் ஒலிப் பொத்தான்களும் இருப்பது அங்கேதான். ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் அவசர அழைப்புக்கான திரை வரும். அழுத்தம் விடாமல் தொடர்ந்தால் எண்ணிக்கை ஓடி, அழைப்பே போய்விடும். ஸ்பிரிங் தாடை செய்வது அதைத்தான். போனைக் குறுக்கே பிடிக்காமல், தலைப்பக்கமும் அடிப்பக்கமும் தாடை கவ்வும்படி வையுங்கள். அப்படி வைக்க முடியாவிட்டால், பொத்தானுக்கு மேலும் கீழும் இரண்டு சிறிய ரப்பர் ஒட்டுகளை உறையின்மேல் ஒட்டினால் தாடை அவற்றின்மேல் தாங்கி நிற்கும், பொத்தான் தப்பிக்கும்.

காந்தத்தால் ஒட்டும் தாடைகள் ஒரு கையால் எடுக்கவும் வைக்கவும் மிகச் சுலபம். காயத்தைப் பின்பக்கக் கேமராவில் மருத்துவருக்குக் காட்ட, போனைச் சட்டென்று கழற்ற வேண்டியிருக்கும். அங்கே இதற்கு இணை கிடையாது. ஆனால் பேஸ்மேக்கரோ இதயத்துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரோ பொருத்தியவர் காந்தம் உள்ள போனையும் தாடையையும் மார்புக்கு அருகே கொண்டுவரக் கூடாது. ஆப்பிள் சொல்லும் இடைவெளி 15 செ.மீ.க்கு மேல், கம்பியில்லாமல் சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ.க்கு மேல். ஐபோன் 12 முதல் வந்த பெரும்பாலான ஐபோன்களின் பின்பக்கத்தில் காந்தம் உள்ளது, அந்தப் போனை மார்பின்மேல் வைத்துப் படுப்பதும் இதில் அடங்கும்.

எந்தத் தாடையானாலும், திரை முகத்துக்கு நேர்மேலே வருமென்றால் பாதுகாப்புக் கயிறு கட்டாயம். டேப்லெட்டின் உறையில் ஒரு வளையம், அதிலிருந்து ஸ்டாண்டின் கைக்கு ஒரு நாடா. திரைக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தில் பாதிக்கு மேல் நாடா நீளக் கூடாது. அரைக் கிலோ மூக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முடிந்தவரை நேர்மேலே வைக்காமல், தலைப்பக்கத்தை 30 டிகிரி அளவுக்காவது உயர்த்தித் திரையை முன்னால் கொண்டுவருவதே நல்லது.

வீடியோ அழைப்பில் டேப்லெட் குறுக்குவாட்டில் நிற்கும். கேமரா குட்டைப் பக்கத்தில் உள்ள டேப்லெட் என்றால் எதிரில் இருப்பவருக்கு நோயாளியின் காதுதான் தெரியும். நீள விளிம்பில் கேமரா உள்ள டேப்லெட்டைத் தேர்ந்தெடுங்கள். அடிப்படை ஐபேடில் 2022இல் வந்த பத்தாம் தலைமுறையிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்திருப்பவருக்குத் திரையும் முகத்தோடு சேர்ந்து 90 டிகிரி சாய வேண்டும், திரைச் சுழற்சியைப் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் படம் மட்டும் நிமிர்ந்துகொள்ளும்.

கேபிளும் மின்சாரமும்

டேப்லெட்டோடு வரும் ஒரு மீட்டர் கேபிள் எங்கும் எட்டாது. மூன்று மீட்டர் வாங்குங்கள், ஆனால் தடித்ததாக. மெல்லிய கம்பியில் நீளம் கூடக்கூட மின்னழுத்தம் விழும். 5 வோல்ட்டில் சார்ஜ் ஆகும்போது வீடியோ அழைப்பில் செலவாகும் அளவுக்குக்கூட உள்ளே வராமல், கேபிள் மாட்டியிருந்தும் பேட்டரி இறங்கும். யூஎஸ்பி பவர் டெலிவரி உள்ள சார்ஜரும் டேப்லெட்டும் 9 வோல்ட்டில் பேசிக்கொள்ளும் என்பதால் இழப்பு குறையும். முனை வளைந்த கேபிள் தாடையில் இடிக்காது. கேபிளை ஸ்டாண்டின் கையோடு மூன்று நான்கு இடங்களில் வெல்க்ரோ பட்டையால் கட்டி, மூட்டுகளில் கொஞ்சம் தளர்வு விட்டு, தூண் வழியாகக் கீழே இறக்கி, நோயாளி எழுந்து இறங்காத பக்கத்துச் சுவருக்குக் கொண்டுபோங்கள். வாக்கரின் காலில் சிக்கும் கேபிள், தரையில் விழுந்த போனுக்குச் சற்றும் குறைந்த ஆபத்தல்ல.

தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ சார்ஜ் போட வேண்டாம். மூக்கில் ஆக்சிஜன் குழாய் உள்ளவர் படுக்கையில் எதையுமே சார்ஜ் போடக் கூடாது. போர்வையிலும் உடையிலும் ஆக்சிஜன் தேங்கியிருக்கும், சிறு பொறிகூடப் பற்றிக்கொள்ளும்.

மின்சாரம் போனால் போன் தாங்கும், ரவுட்டர் தாங்காது. 12 வோல்ட் ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் இந்தப் பட்டியலில் நாங்கள் தயங்காமல் பரிந்துரைக்கும் பொருள். 8,800 மில்லி ஆம்பியர் மணி என்று அதில் போட்டிருந்தால், அது 3.7 வோல்ட் கணக்கு. சுமார் 32 வாட் மணி. 8 வாட் இழுக்கும் ரவுட்டருக்கு இழப்பு போக மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். ஃபைபர் இணைப்பில் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு யூபிஎஸ் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம். வோல்ட் அளவும், முனையின் அளவும், நடுமுனை நேர்மின்னா என்பதும் ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வைஃபை பற்றி நீட்ட வேண்டியதில்லை. கட்டிலின் தலைமாட்டில் போனை வைத்து, சிக்னல் அளக்கும் செயலியில் பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல அளவு என்றால் வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் முகம் உறையும். முதலில் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4க்கு மாற்றிப் பாருங்கள், சுவரை அது நன்றாகத் தாண்டும். இருவர் பேசும் ஜூம் அழைப்புக்கு 720 தரத்தில் இரு திசையிலும் விநாடிக்கு 1.2 மெகாபிட் வேகம் போதும். வேகம் பல சமயம் பிரச்சினையே இல்லை, சுவர்தான் பிரச்சினை.

தொடாமல் இயக்குவது

குரலால் இயக்க, ஆண்ட்ராய்டில் கூகுளின் வாய்ஸ் அக்செஸ், ஐபோனிலும் ஐபேடிலும் வாய்ஸ் கன்ட்ரோல் (2019இல் ஐஓஎஸ் 13 உடன் வந்தது). இரண்டிலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். ‘ஷோ நம்பர்ஸ்’ என்றால் திரையில் தட்டக்கூடிய ஒவ்வொன்றின்மேலும் ஒரு எண் வரும். ‘டேப் செவன்’ என்றால் ஏழாவது தட்டப்படும். எண் விழாத இடத்துக்கு ‘ஷோ கிரிட்’ சொல்லிக் கட்டம் போட்டுத் தட்டலாம். ஆங்கிலம் பழகாதவர்களுக்கும் பத்துச் சொற்கள் இரண்டு நாளில் வந்துவிடும். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவையுங்கள். செய்தி எழுத விசைப்பலகையின் மைக்கில் தமிழிலேயே பேசலாம். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்துவிட்டால் போதும்.

ஆக்சிஜன் கருவி, காற்று மெத்தையின் பம்பு, மின்விசிறி ஓடும் அறையில் இந்தக் குரல் வசதி தடுமாறும். அரை மீட்டர் தள்ளி இருக்கும் டேப்லெட்டின் மைக்குக்கு இரைச்சலும் குரலும் ஒன்றாகவே கேட்கும். கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் மைக் இதைத் தீர்க்கும். காதுக்குள் செருகும் தனித்தனி இயர்பட்கள் படுக்கைக்கு ஒத்துவராது. ஒருக்களித்தால் குத்தும், கழன்றால் போர்வைக்குள் போய்விடும், தேடக் குனிய வேண்டிவரும்.

குரல் எழாதவர்களுக்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டின் ஸ்விட்ச் அக்செஸில் உள்ள கேமரா ஸ்விட்ச், புன்னகை, புருவம் உயர்த்துதல், வாய் திறத்தல், இடம், வலம், மேலே பார்த்தல் ஆகிய ஆறு முகக்குறிகளைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியவற்றில் கண்ணசைவாலேயே திரையை இயக்கலாம். அதற்குத் திரை அசையாத இடத்தில், முகத்திலிருந்து சுமார் ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கூஸ்நெக்கில் மாட்டி இதை முயன்றால் ஆட்டத்தில் குறி தவறிக்கொண்டே இருக்கும். சக்கர ஸ்டாண்டோ ஸ்பிரிங் கையோதான் இதற்குப் பொருந்தும்.

ஒரு கை நன்றாக இருப்பவருக்கு இவையெல்லாம் தேவையில்லை. புளூடூத் டிராக்பால் (மேலே உள்ள பந்தை விரலால் உருட்டி அம்பை நகர்த்தும் மவுஸ்) ஒன்று போதும். சாதாரண மவுஸுக்குத் தேய்க்க இடம் வேண்டும், டிராக்பால் கைக்கடியில் மெத்தையில் இருந்தபடியே சுழலும். கையைத் தூக்க வேண்டாம், திரை ஆடாது. கிளிக் செய்ய விரலில் வலு இல்லையென்றால், அம்பு ஓரிடத்தில் நின்றால் தானே கிளிக் ஆகும் வசதியை அக்செஸிபிலிட்டி அமைப்பில் இயக்கிவிடலாம்.

அழைப்பை எடுப்பதற்கும் ஒரு ஏற்பாடு செய்துவையுங்கள். ஐபோனில் அக்செஸிபிலிட்டிக்குள் டச், அதற்குள் கால் ஆடியோ ரூட்டிங், அதில் ஆட்டோ ஆன்சர் கால்ஸ். மூன்று விநாடியில் தானே எடுக்கும். ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றிவையுங்கள். யார் அழைத்தாலும் எடுத்துவிடும் என்பதால், உடை மாற்றும்போதும் புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும் அணைத்துவைக்க வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரித்த அன்றே டேப்லெட்டை மாட்டாமல், அதே எடையுள்ள ஒரு பொருளைத் துணிப்பையில் போட்டுத் தாடையில் தொங்கவிடுங்கள். உயரத்தை டேப்பால் குறித்து, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் இரண்டு செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் திருகுகளை இறுக்கி இன்னொரு இரவு பாருங்கள். அப்போதும் இறங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். தாடை விரிந்த அளவில் ரப்பர் ஒட்டு கழன்று வருகிறதா, கிளாம்பின் திருகு மரத்தில் பள்ளம் போடுகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

திரையையும் கையையும் 70 சதவீத ஐசோபிரப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் துடைக்கலாம். கூஸ்நெக்கின் சிலிக்கான் உறை தூசியை இழுத்துவைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தபின் ஆல்கஹால் போட்டால்தான் சுத்தமாகும்.

நோயாளி வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் சக்கர ஸ்டாண்டைக் கட்டிலின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து நீண்டிருக்கும் அதன் கால்கள், இரவில் கழிவறைக்குப் போக எழுபவரின் பாதத்தில் சரியாக இடிக்கும் உயரத்தில் இருக்கும். அந்த நாட்களில் போனுக்கு ஏற்ற இடம் கழுத்தில் தொங்கும் பையோ, வாக்கரின் குறுக்குக் கம்பியில் கட்டிய பையோதான். வாக்கர் பையில் போன், மூக்குக்கண்ணாடி, சிறிய தண்ணீர் பாட்டில், இவ்வளவு போதும். அதற்குமேல் எடை ஏற்றினால் வாக்கர் முன்பக்கம் கவிழும்.